கார்புரேட்டருக்கு ஒரு ஸ்வெட்டர்

போன வாரம் எங்கள் தெருவுக்குக் கொசுமருந்து அடிக்க மாநகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். புகை கக்கிக்கொண்டு வந்த மிஷின் சரியாக எங்கள் வாசலில் இருமி நின்றுவிட்டது. மூத்தவர் அதைக் கீழே வைத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பட்டாணி அளவில் ஒரு பித்தளைத் திருகை வெளியே எடுத்தார். வெயிலில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் அதன் துளையைப் பார்த்தார். பிறகு உதட்டில் வைத்து ஓர் ஊது, பக்கத்தில் ஒரு துப்பு. திரும்ப மாட்டியதும் மிஷின் ஓட ஆரம்பித்தது. எங்கள் தெருக் கொசுக்கள் அன்றும் நலம், இன்றும் நலம். அந்தப் பச்சைப் பெட்ரோல் வாசனையில் மாட்டிக்கொண்டு அரை நாள் வேலை கெட்டது எனக்குத்தான்.

பெட்ரோல் வாசனை இப்போதெல்லாம் நமக்கு எங்கே கிடைக்கிறது, சொல்லுங்கள். இன்றைய காரில் பானெட்டைத் திறந்தால் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று ‘உனக்கு இங்கே என்ன வேலை’ என்று பார்க்கிறது. நாமும் மரியாதையாகச் சாத்திவிடுகிறோம். ஒரு காலத்தில் என் கை, சட்டை, கைக்குட்டை எல்லாம் அந்த வாசனை அடித்தன. சோப்புப் போட்டு எத்தனை தரம் கழுவினாலும் போகாது. என் மனைவி கோகிலா சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அரையடி தள்ளி உட்காருவாள்.

அப்போது நான் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அது என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். ஃபேக்டரிக்காக, துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடம் பொய் சொல்ல வேண்டும், பையருக்காக ஃபேக்டரியிடம் பொய் சொல்ல வேண்டும், இரண்டு பக்கமும் திட்டு வாங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் அதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

கோகிலாவுக்கு உத்தியோகம் சேலத்தைத் தாண்டி மலைமேல் ஒரு அரசுப் பள்ளியில். கணக்கு டீச்சர். வெள்ளிக்கிழமை இரவு வருவாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போவாள். எங்கள் மகள் யாழினிக்கு அப்போது இரண்டரை வயது. பகலில் என் அக்கா வீட்டிலும் இரவில் என்னோடும் இருந்தாள். ஞாயிறு சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டில் ஒரு நாடகம் நடக்கும். அக்கா குழந்தையை மொட்டை மாடிக்குப் புறா காட்டத் தூக்கிக்கொண்டு போவாள். அந்த நேரம் பார்த்துக் கோகிலா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்குவாள். சொந்த வீட்டிலிருந்து திருடிபோல் வெளியே போவதற்கு அவள் நன்றாகப் பழகியிருந்தாள். தெருமுனை திரும்பியதும்தான் செருப்பைப் போடுவாள்.

இந்தக் கஷ்டத்துக்கு வைத்தியமாகத்தான் கார் வாங்கினேன். சேலம் வரை கொண்டுபோய் விடலாம், வெள்ளிக்கிழமை போய்க் கூட்டி வரலாம், வாரத்தில் ஐந்தாறு மணி நேரமாவது கூடுதலாகக் கையில் கிடைக்கும் என்று கணக்கு. எங்கள் முதலாளியின் பழைய வெள்ளைக் கார். எந்தக் கம்பெனிக் கார் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அந்தக் காரின் மேல் ஒரு தப்பும் இல்லை. முதலாளி சாவியைக் கொடுக்கும்போது மனசாரத்தான் சொன்னார்: “நல்ல வண்டி கண்ணு. கம்ப்யூட்டர் வண்டி. எவ்வளவு பெட்ரோல் உடோணும், எப்பப் பொறி தட்டோணும், எல்லாம் அதுவே யோசிச்சுப் பாத்துக்கும்.”

அது யோசித்தது. பல்லடம் ரோட்டில் நட்டநடுவே நின்று யோசித்தது. ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் நாற்பது கம்பெனி வேன்கள் ஹாரன் அடிக்க, சாவகாசமாக யோசித்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். கோளாறு சொல்லும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து சொருகிப் பார்த்தவர்கள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சென்சாரின் பெயரைச் சொன்னார்கள். மாற்றினோம். விளக்கு இரண்டு நாள் அணைந்து மூன்றாம் நாள் எரிந்தது. கடைசியில் குற்றவாளியைக் கண்டுபிடித்தது கம்பெனி வாட்ச்மேன். எங்கள் கம்பெனியில் கார் நிறுத்தும் இடம் கட்டிங் வேஸ்ட் குடோனை ஒட்டி. பனியன் துண்டுகளை இழுத்துவந்து கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு எலி குடித்தனம் வைத்திருந்தது. வயர்களை மென்று, பெட்டியின் மேலேயே மூத்திரம் பெய்து, பிள்ளைகளும் பெற்றிருந்தது. மெத்தை விரித்திருந்த துணி நயமான காட்டன், பையர் அப்ரூவல் கொடுத்தது.

புதுப் பெட்டியின் விலையைக் கேட்டதும் எலியின் மேல் மரியாதை வந்துவிட்டது. அப்போதுதான் நாச்சிமுத்தண்ணன் நினைவுக்கு வந்தார். எங்கள் சாயப்பட்டறையின் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டிருந்தார். தினமும் பல மணி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலத்தில் பாதித் திருப்பூரின் ஜெனரேட்டர்கள் அவர் கையால்தான் ஓடின. வயர் என்றால் அவருக்கு ஜென்மப் பகை. பானெட்டைத் திறந்து உள்ளே ஓடிய வயர்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“இதுக்குள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதுங் தம்பி. அந்த எலிக்குத்தான் தெரியும். எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டு கார்பரேட்டர் வெச்சர்லாமுங். இந்த இஞ்சினுக்கு முன்னால அதுதான இருந்துச்சு. நின்னாக்கூட எதுக்கு நின்னன்னு அதுவே சொல்லீரும்.”

உலகமே கார்புரேட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் எதிர்த்திசையில் கிளம்பினோம். கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் மார்க்கெட்டிலிருந்து அண்ணன் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு ஊட்டும் கார்புரேட்டர், அதைத் தாங்கும் குழாய், பொறியைப் பங்கு பிரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், காயில், பெட்ரோல் பம்ப். சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியில் உய்ங் என்று முனகும் பழைய பம்பைக் கழற்றினார். அரை நாள் வயர் பிடுங்கினார். பிடுங்கிய வயர் ஒரு மூலையில் குவிந்து கிடந்ததைப் பார்த்தபோது, இத்தனை இல்லாமலா இந்த வண்டி ஓடப்போகிறது என்று இரண்டு தரம் கேட்டேன். டேஷ்போர்டுக்குக் கீழே துளை போட்டு ஒரு கறுப்புக் குமிழ் வைத்தார். அதுதான் சோக். குளிர்ந்த இஞ்சினை எழுப்ப அதைப் பிடித்து இழுக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் என்கிற இரண்டு முனைகளின் இடைவெளி பார்க்கும் தகடு தொலைந்துபோயிருந்ததால், என் விசிட்டிங் கார்டை வாங்கி நடுவில் நுழைத்து அளந்தார். அந்தக் கார்டு யாருக்காவது பிரயோஜனப்பட்டது அதுதான் முதல் முறை.

பிறகு என்னை ஆக்ஸிலேட்டரை மிதிக்க உட்காரவைத்து, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் மெல்லத் திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இஞ்சின் முதலில் இடித்தது, திக்கியது, ஒருமுறை வெடித்தது. திடீரென்று ஒரு இடத்தில் குரல் சமனானது. “ஆங், அப்பிடியே நில்லு சாமி” என்றார். என்னையல்ல, இஞ்சினை. நான் அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். முப்பத்திரண்டு வயசு ஆள் ஒரு சோக் குமிழைப் பிடித்து இழுத்து இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு குறை. கார்புரேட்டரின் வாய்க்கு மேலே காற்றை வடிகட்டும் தகர டப்பா ஒன்று உட்கார வேண்டும். சாக்கில் வந்த டப்பா பானெட்டில் இடித்தது.

“வேற ஒண்ணு தேடிக் கொண்டாறனுங். அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. தொறந்த வாயிங் அது, மண்ணத் திங்கும்.”

“துணி கட்டிக்கலாங்களாண்ணா?”

“துணி ஆகாதுங்.”

திருப்பூர்க்காரனிடம் துணி ஆகாது என்று சொன்னால் எப்படி இருக்கும். இஞ்சின், பாயின்ட், ஜெட் என்று எதையாவது ஆகாது என்றிருந்தால் பேசாமல் கேட்டிருப்பேன். துணி விஷயத்தில் ஒரு ஜெனரேட்டர் மெக்கானிக் எனக்குச் சொல்வதா? நேராகக் கம்பெனிக்குப் போனேன். ஃபேப்ரிக் இன்சார்ஜ், கட்டிங் மாஸ்டர், நான், மூன்று பேரும் மேஜையைச் சுற்றி நின்று விவாதித்தோம். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடையுள்ள துணி இஞ்சினுக்கு ஏற்றது என்பதுதான் விவாதம். சிங்கிள் ஜெர்சி லேசு, தூசி உள்ளே போய்விடும் என்றார் ஒருவர். இண்டர்லாக் போட்டால் மூச்சு முட்டும் என்றார் மற்றவர். பாலியெஸ்டர் கலந்தால் சூட்டுக்கு ஆகாது. கடைசியில் ஏகமனதாக ஃப்ளீஸ். ஸ்வெட்டர் தைப்பார்களே, ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் பஞ்சு கிளப்பிப் பூனைக்குட்டி போலவும் இருக்குமே, அந்தத் துணி. குடோனில் ஒரு ரோல் சும்மா கிடந்தது. பஞ்சு உதிர்கிறது என்று பையர் வேண்டாமென்ற ரோல். ‘முதல் துவைப்பில் சரியாகிவிடும்’ என்று அவருக்கு மெயில் எழுதியவன் நான்தான். எழுதி எழுதி அதை நானே நம்பிவிட்டிருந்தேன்.

சாம்பிள் செக்‌ஷன் டெய்லர் மாரியப்பனுக்குத் தேனிப்பக்கம். நான் வரைந்துகொடுத்த வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது என்ன ஸ்டைலுண்ணே? கழுத்து மட்டும் இருக்கு, கையக் காணோம்.”

தலையில் போடும் குல்லாய் போல, விளிம்பில் எலாஸ்டிக் வைத்து இரண்டு அடுக்காகத் தைத்தான். கைப்பழக்கத்தில் எல் சைஸ் லேபிளும் வைத்துவிட்டான். எந்தப் பக்கம் உள்ளே என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. ஸ்வெட்டரில் பஞ்சுப் பக்கம் எப்போதும் உடம்பை ஒட்டி உள்ளேதான் வரும். “பஞ்சு உள்ள” என்றேன். பத்து வருஷ அனுபவம் சொன்ன பதில் அது. உள்ளே இருப்பது குழந்தையின் நெஞ்சல்ல, காற்றை இழுத்து உறிஞ்சுகிற ஒரு வாய் என்பது அனுபவத்துக்குத் தெரியவில்லை.

நாச்சிமுத்தண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லேபிளைப் படித்துவிட்டு, “ஏனுங் தம்பி, கார்பரேட்டருக்குக் குளுருதுங்களா?” என்றார். நான் சிரித்துக்கொண்டே மாட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “ஊருக்குள்ளயே ஓட்டுங்க. டப்பா வர்ற வரைக்கும் தூரம் போவாதீங்க” என்றார்.

பத்து நாள் கார் தேராக ஓடியது. மஞ்சள் விளக்கு எரியவில்லை. எரிய அதற்கு வயரே இல்லை. அந்த மே மாதத்தில்தான் கோகிலாவுக்கு மாறுதல் கலந்தாய்வு வந்தது. சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கும். சீனியாரிட்டிப்படி பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது முன்னால் நின்று காலியிடத்தைக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பெயர். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்குக்கு ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். கோகிலாவின் பெயர் பட்டியலில் மேலாகவே இருந்தது. போய் நின்றால் போதும், கிடைத்துவிடும்.

“நான் வெடியால ட்ரெயின்ல போயிக்கறனுங்க” என்றாள்.

“கார் இருக்கறப்ப ட்ரெயின் எதுக்கு? இப்ப அதுல கெட்டுப்போறதுக்கே ஒண்ணுமில்ல.”

“அந்த அண்ணன் தூரம் போவ வேண்டாம்னு சொன்னாருங்களே?”

“சேலமெல்லாம் ஒரு தூரமா?”

அவள் சான்றிதழ் ஃபைலை எடுத்து வைத்தாள். விடிகாலையில், குழந்தை அக்கா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோதே கிளம்பினோம். பவானி தாண்டும்வரை நான் வாய் ஓயாமல் பேசினேன். பெருமாநல்லூருக்கு மாற்றல் வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையை எங்கெங்கே கூட்டிப்போகலாம் என்று வரிசையாகச் சொன்னேன். கொடிவேரி, அமராவதி அணை, மடத்துக்குளத்தில் கோகிலாவின் சித்தப்பா தோட்டம். சங்ககிரிக்கு முன்னால் கார் கறுப்பாகப் புகை விட்டு, இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றது.

பானெட்டைத் திறந்து குல்லாயைக் கழற்றினேன். உள்பக்கம் வழுக்கையாக இருந்தது. அத்தனை பஞ்சையும் கார்புரேட்டர் தின்றிருந்தது. அண்ணன் செய்வதைப் பார்த்திருக்கிறேனே. ஜெட் என்கிற அந்தப் பித்தளைத் திருகைக் கழற்றி உதட்டில் வைத்து ஊதினேன், துப்பினேன், மாட்டினேன். கார் ஓடியது. இப்போது என்ன செய்திருக்க வேண்டும்? அந்தத் துணியைத் தூக்கி வயலில் எறிந்திருக்க வேண்டும். நான் உதறிவிட்டுத் திரும்பவும் மாட்டினேன். தூசி போய்விடக் கூடாதாம். ஒரு கிலோமீட்டர் போய் மறுபடி நின்றது.

இரண்டாவது முறை ஊதிக்கொண்டிருந்தபோது ஒரு பஸ் வந்தது. கோகிலா கைகாட்டவும் நின்றுவிட்டது. நெடுஞ்சாலையில் நிற்காத பஸ், புடவை கட்டிய ஒரு அம்மா கையில் ஃபைலோடு நிற்பதைப் பார்த்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு “சேலம் சேலம், ஏறுங்கம்மா” என்றார்.

“ஏனுங்க, நான் இதுல போயர்றனுங்க.”

“அஞ்சே நிமிஷம் கோகிலா. இதா ஆச்சு.”

அவள் பஸ்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையில் பெட்ரோலும் உதட்டில் கறுப்புமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்று கண்டக்டரிடம் தலையாட்டினாள். இன்றுவரை எனக்குப் புரியவில்லை, அந்த நேரத்தில் எனக்கு எது பெரிதாக இருந்தது என்று. அவள் சேலம் போவதா, நான் கொண்டுபோய்ச் சேர்ப்பதா?

அந்த ஐந்து நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆயிற்று. பிறகு வந்த டவுன் பஸ்ஸில் ஏறி, சங்ககிரியில் இறங்கி, வேறு பஸ் பிடித்து அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் போன பிறகு எனக்குக் கோபம் வந்து துணியைக் கழற்றி எறிந்தேன். கார் திறந்த வாயோடு, ஒரு திக்கல் திணறல் இல்லாமல், சேலம்வரை அருமையாக ஓடியது.

பள்ளிக்கூட வளாகத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் கோகிலா உட்கார்ந்திருந்தாள். மூன்று தரம் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவள் உள்ளே நுழையும்போது அடுத்த எண்காரர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். அவர் மேல் என்ன தப்பு, அவருக்கும் ஒரு வீடும் குழந்தையும் இருந்திருக்கும். நான் பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வண்டி செரியாயிருச்சுங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

இப்போது அந்தக் கலந்தாய்வெல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறதாம். எங்கேயும் ஓட வேண்டாம், ஒருவர் பெயரையும் மரத்தடியில் நின்று கூவ வேண்டாம். நாச்சிமுத்தண்ணனின் கொட்டகை இருந்த இடத்தில் வேலையாட்கள் தங்கும் மூன்று மாடி ஹாஸ்டல் நிற்கிறது. அவர் டப்பா கிடைத்துவிட்டதென்று கலந்தாய்வுக்கு மறுநாள் சந்தோஷமாகப் போன் பண்ணினார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. கார் பழைய இரும்புக்குப் போயிற்று. கார்புரேட்டர் என்றால் என்ன என்று எங்கள் கம்பெனிப் பையன்கள் கேட்கிறார்கள். கல்யாண வீடுகளில் இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எல் சைஸ் லேபிளில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். கோகிலாவும் அதுவரை சிரிப்பாள்.

உங்களிடம் மீதியையும் சொல்லிவிட்டேன். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் இடம் காலியாக மூன்று வருஷம் ஆயிற்று. யாழினிக்குப் பல் விழுந்ததும், அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும், முதன்முதலாகத் தன் பெயரைச் சுவரில் தப்பாக எழுதியதும் எல்லாம் செவ்வாய், புதன் கிழமைகளிலேயே நடந்தன. ஒரு ஸ்வெட்டர் துண்டுக்காக அவ்வளவையும் நான் கோகிலாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, எனக்கு அதுதான் ஆறவில்லை. கடைசியில் மாற்றல் வந்து அவள் வீட்டோடு வந்துவிட்டாள். அதற்கடுத்த முதல் திங்கட்கிழமை காலை, யாழினி தூக்கக் கலக்கத்தோடு அடுப்படிக்கு வந்தாள். அங்கே அம்மா தோசை சுட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

“ஏம்மா, பஸ்ஸ உட்டுட்டியா? அப்பாவ எழுப்பிக் கொண்டுபோயி உடச் சொல்லட்டுமா?”

உதவியாகத்தான் கேட்டாள்.